கோப்பின் வழித்தடம்

அபிராமபுரத்து வீடொன்றுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கடிதம் வருமாயின், அதன் தலைப்பில் 'ந.க.எண்' என்றிருக்கக் காணலாம். விவகாரம் இன்னும் நடப்பில் உள்ளது என்பது பொருள். முடிந்துவிட்டால் அக்குறி மாறும். ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். முடிந்த கோப்பை எத்தனை காலம் காக்கவேண்டும் என்பதை இவ்வெழுத்துகள் சொல்கின்றன. நாம் கவனியாது கடக்கும் இக்குறிகளுக்குப் பின்னே, வரையப்படாத ஒரு வரைபடம் இருக்கிறது.

சென்னை மாகாணத்தில் பணியாற்றிய டாட்டன்ஹாம் என்ற ஆங்கில அதிகாரியின் பெயரால் வழங்கும் அலுவலக முறை இது. ஒவ்வொரு எழுத்தரும் தன்பதிவேடு ஒன்றை வைத்திருப்பார். எந்தத் தாள் என்று வந்தது, யாருக்குச் சென்றது, எப்போது முடிந்தது என்பவை அதில் பதிவாகும். மேலதிகாரி அதைத் தணிக்கை செய்வார். தாமதம் அங்கே தேதியோடு நின்றது. ஆனால் மனு கொடுத்தவர் கண்ணில் அது படுவதில்லை.

வேலையின் போக்கைப் படமாக்கும் முயற்சி வேறிடத்தில் நடந்தது. 1921இல் அமெரிக்காவில் கில்பிரெத் தம்பதியர் செயல்முறைப் படங்களை முன்வைத்தனர். 2004இல் பிபிஎம்என் என்னும் பொதுக் குறியீடு வந்தது. வட்டம் தொடக்கத்தையும் முடிவையும், செவ்வகம் பணியையும், சாய்சதுரம் வழி பிரிவதையும், நீண்ட பட்டை பொறுப்பாளரையும் காட்டும். நம் எழுத்தரின் மேசை ஒரு பட்டை, மூ.மு. ஒரு முடிவு வட்டம்.

2011இல் வெளியான இரண்டாம் பதிப்பு, படத்தை எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமிக்கப் பொது வடிவம் தந்தது. அதுவரை இணையப் பக்கங்களில் பெரும்பாலும் ஒட்டப்பட்டது வெறும் படமே. விதி மாறினாலும் படம் பழையதாகவே கிடக்கும். 2014இல் பெர்லினின் காமுண்டா நிறுவனம் பிபிஎம்என்-ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகத்தைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அது அந்தக் கோப்பை வாசித்து உலாவிக்குள்ளேயே கோடுகளாக வரைகிறது. வேலையை இயக்கும் கணினியும் அதே கோப்பையே வாசிக்க முடியுமாதலால், விதியும் படமும் ஒன்றாகின்றன. செவ்வகத்தின் மீது குறிப்பு ஒட்டவும் வழியுண்டு: 'இங்கே பதினாறு நாட்களாக நிற்கிறது' என்று.

நமக்கு முக்கியமானது இந்தக் கடைசி வசதியே. படம் மட்டுமெனில் அது நடக்கவேண்டிய முறையைத்தான் சொல்லும், நடந்ததைச் சொல்லாது. தன்பதிவேடு நடந்ததைச் சொன்னது. முழு வழியையும் காட்டவில்லை. இரண்டும் ஒரே திரையில் சேர இன்று தடையில்லை. அத்திரையை அலுவலர் மட்டும் பார்ப்பதா, மனுதாரரும் பார்ப்பதா என்பதை எந்த நிரலகமும் தீர்மானிக்காது. அதைத் தீர்மானிக்கும் செவ்வகம் இன்னும் மனிதர் கையில்தான் இருக்கிறது.