கொங்கு நாட்டில் பூமிக்குப் பெயரிட்ட முறை

கொங்கு நாட்டுக் கோயில்களின் பழைய சாசனங்களைப் படிப்போர், தானமாக விடப்பட்ட நிலம் எதுவாயினும் அது கிடக்கும் நாட்டையும் ஊரையும் முன்னே கூறி, அதன்பின்னரே நான்கெல்லைகளை வகுத்துரைக்கும் சம்பிரதாயத்தைக் காண்பார்கள். பூந்துறை நாடு, காங்கேய நாடு, ஆறை நாடு என மரபில் 24 நாடுகளாக எண்ணப்பட்ட இத்தேசத்தில், ஒரே பெயர் தாங்கிய இரண்டு ஊர்களை வேறுபிரித்தறிய நாட்டின் பெயரே துணையாயிற்று. ஊருக்குள்ளோ, நின்ற மரமும் வெட்டிய கிணறும் உழுத பாட்டனுமே காட்டுக்கும் தோட்டத்துக்கும் பெயர் கொடுத்தார்கள்.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்து கோயமுத்தூர்ச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமான பிறகு, ரயத்துவாரி ஏற்பாட்டின்படி ஒவ்வொரு குடியானவரிடமும் நேரே தீர்வை வாங்க வேண்டியிருந்தமையால், அவரவர் பூமி இன்னதென்று ஐயமறக் குறிப்பது சர்க்காருக்கு அவசியமாயிற்று. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சர்வே இலாகாவினர் சங்கிலி பிடித்து அளந்து, கல் நட்டு, வள்ளக் கணக்கில் நிலம் பேசிவந்த ஊர்களில் ஏக்கரையும் சென்டையும் எண்ணையும் புகுத்தினார்கள்.

அவர்கள் ஜில்லா முழுவதற்கும் ஒரே வரிசையாக எண்ணிடாமல், கிராமந்தோறும் ஒன்றிலிருந்து தொடங்கியதே இவ்வேற்பாட்டின் உயிர்நிலை என்பேன். 112 என்ற எண் சூலூரிலும் இருக்கலாம், அன்னூரிலும் இருக்கலாம். ஜில்லா, தாலுகா, கிராமம் என்னும் முன்னடைகளைச் சேர்த்த கணத்தில் அது உலகத்தில் ஒரே ஒரு பூமியைத்தான் குறிக்கும். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தால் 112/1, 112/2 என்றும், அவர்கள் மக்கள் பிரித்தால் 112/2ஏ என்றும் அந்த எண்ணே கிளைவிடும்; அந்நாளில் கணக்குப்பிள்ளை தம் ஊர்ப் பதிவேட்டைத் திருத்தினால் போதுமாயிருந்தது, அயலூர்க் கணக்கு அசையவில்லை. 1983இல் இணையத்துக் கணினிகளுக்குப் பெயரிடும் முறையை வகுத்தவர்களும், அந்தந்தக் கிளையின் பெயர்களை அந்தந்தக் கிளையாரே காக்கும் இதே நெறியைத்தான் கைக்கொண்டார்கள்.

ஆயினும் எண் ஒன்றே போதுமென்று கொங்குக் குடியானவர் ஒருநாளும் நம்பவில்லை. இன்றும் கிரயப் பத்திரத்தை விரித்தால், "க.ச. 112 நெ. காலை" என்று தொடங்கி, "இதற்குச் செக்குபந்தி" என்று நான்கெல்லை சொல்லி, தென்வடல் இட்டேரிக்கு (வேலிகளுக்கிடைப்பட்ட வழிக்கு) மேற்கு என்று திசை காட்டி, கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வண்டித்தடப் பாத்தியமும் சேர்த்தெழுதியிருப்பதைக் காணலாம். அந்தப் பங்கையும் தடத்தையும் எந்த எண்ணும் தாங்காது.

1980இல் கணக்குப்பிள்ளை முதலான பகுதிநேரக் கிராம உத்தியோகங்கள் ஒழிக்கப்பட்டன. காடுகளின் பெயர்களை மனப்பாடமாகச் சொன்ன கணக்குப்பிள்ளைகளும் மறைந்துவருகிறார்கள். இனிப் பத்திரம் எழுதுவோர், சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் அந்தத் தோட்டத்தின் பெயரையும் ஒரு வார்த்தை சேர்த்தெழுதிவைக்க வேண்டுகிறேன்.