ஐந்து உலோகங்களும் ஓர் ஒளிக்கதிரும்

மனித நாகரிகத்தின் வரலாறு உலோகங்களின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்ததாகும். செம்புடன் சிறிது வெள்ளீயம் சேர்த்து வெண்கலமும், இரும்புடன் சிறிது கரி சேர்த்து எஃகும் கண்ட மாந்தர், நெடுங்காலம் ஒரு விதியைப் போற்றி வந்தனர். தலைமை உலோகம் ஒன்றே. ஏனையவை உணவுக்கு உப்புப் போலச் சிறிதளவே சேர வேண்டும் என்பதே அவ்விதி. நம் முன்னோர் வார்த்த ஐம்பொன் திருமேனிகளிலும் செம்பே மிகுதி என்பதை நாம் அறிவோம்.

அவ்விதியை மீறத் துணிந்தவர் பெர்லின் நகரத்து அறிஞர் பிரான்சு கார்ல் அக்கார்டு. ஐந்து முதல் ஏழு உலோகங்களைச் சம அளவில் உருக்கி ஆராய்ந்த அவர், 1788ஆம் ஆண்டில் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அந்நூலோ போற்றுவாரின்றிக் கிடந்தது. 1963இல் உலோகவியல் வரலாற்றறிஞர் சிரில் ஸ்டான்லி ஸ்மித் எடுத்துரைத்த பின்னரே அதன் அருமை புலப்படலாயிற்று.

1981இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிரையன் கான்டரும் அவர்தம் மாணவர் ஆலன் வின்சென்ட்டும் அதே வழியில் முயன்றனர். இருபது தனிமங்களைச் சம அளவில் கலந்தபோது எளிதில் நொறுங்கும் பொருளே கிடைத்தது. ஆனால் குரோமியம், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட்டு, நிக்கல் ஆகிய ஐந்தும் ஒரே படிக அமைப்பில் இசைந்து நின்றன! மாணவரின் ஆய்வேட்டில் அடங்கியிருந்த இவ்வுண்மை, 23 ஆண்டுகள் கழித்து, 2004இல்தான் ஆய்விதழில் கட்டுரையாக வெளிவந்தது. அதில் வின்சென்ட்டின் பெயரும் இடம்பெற்றது. அதே ஆண்டில் தைவான் நாட்டுப் பேராசிரியர் ஜியன்-வெய் யே இத்தகைய கலவைகளுக்கு ‘உயர் என்ட்ரோபி உலோகக் கலவை’ எனப் பெயரிட்டார். அணுக்கள் இடம் மாறி அமையக்கூடிய வகைகளின் பெருக்கத்தைக் குறிப்பதே ஈண்டு என்ட்ரோபி எனப்படுவது.

கான்டர் கலவையின் பெருமையை 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு உலகறியச் செய்தது. கடுங்குளிரில் எஃகு வகைகள் பலவும் நொறுங்கும் இயல்பின. இக்கலவையோ, சுழிக்குக் கீழ் 196 பாகை செல்சியசிலும் முறியாமல் தாங்கியது. குளிரால் நீர்மமாக்கப்பட்ட வாயுக்களைச் சேமிக்கும் கலன்களுக்கு இதனினும் ஏற்றது எது? ஆயினும் கலன் என்பது தகடுகளை இணைத்து ஆக்கப்படுவது. இணைப்பு உறுதியற்றதாயின் உலோகத்தின் உறுதியால் விளையும் பயன் யாது?

இங்கேதான் ஒளியின் வரலாறு உலோகத்தின் வரலாற்றைச் சந்திக்கிறது. 1917இல் ஐன்ஸ்டைன் வகுத்த கொள்கை, 1960இல் தியோடர் மைமனின் கையில் லேசர் கருவியாக உருப்பெற்றது. 1964இல் இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல் கரியமில வாயு லேசரை ஆக்கினார். ஊசிமுனை போலக் குவியும் அவ்வொளி, உலோகத்தை ஒடுங்கிய கோடாக உருக்கி இணைக்க வல்லது. உருகிய பகுதி சிறிதாதலின் விரைவில் உறையும். சுற்றியுள்ள பகுதிக்குக் கேடும் குறையும்.

எனினும் இடர்ப்பாடும் உண்டு. ஐந்து உலோகங்களும் ஒரே வெப்பநிலையில் கொதிப்பதில்லை. இரும்பு ஏறத்தாழ 2,860 பாகையில் கொதிக்க, மாங்கனீசு 2,061 பாகையிலேயே ஆவியாகும். ஒளியின் ஆற்றல் மிகின் மாங்கனீசு குறைந்து, இணைப்பில் சமநிலை குலையும். உறையும்போதும் மாங்கனீசும் நிக்கலும் படிகக் கிளைகளுக்கு இடையே ஒதுங்க முயலும்.

இவற்றைக் கடந்தே ஆய்வு வளர்ந்தது. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மின்னணுக் கற்றையால் இக்கலவையை விரிசலின்றி இணைத்துக் காட்டினர். 2018இல் செருமனியின் கீஸ்தாக்கு ஆய்வு மையத்தினர், உருசிய அறிஞர்களுடன் கூடி, லேசர் கதிரால் இணைத்தனர். அவ்விணைப்பு மூல உலோகத்தைக் காட்டிலும் கடினமாயிருக்கக் கண்டனர்.

ஆசிரியப் பெருமக்களே, இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? உலோகம் பிறந்தால் மட்டும் போதாது. அது இணைய வேண்டும். அறிவும் அவ்வாறே. அக்கார்டின் நூலும் வின்சென்ட்டின் ஏடும் பிறர் அறிவோடு இணையும்வரை பயன்படாமல் கிடந்தன. மாணவர்தம் ஏடுகளைப் புரட்டும்போது, மதிப்பெண் இட்டதோடு அமையாது, அவற்றில் ஒளிரும் புதுமையையும் கண்டு உலகோடு இணைப்பது நம் கடமையாகும்.