கெமிஸ்தம் முதல் வேதியியல் வரை

ஆங்கில அறிவியற் சொற்களுக்குத் தமிழ் காணும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில்தான் தோன்றிற்று என எண்ணுவோர் உளர். அதன் வேரைக் காண யாழ்ப்பாணம் செல்லல் வேண்டும்.

அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் அங்கு வந்த சாமுவேல் பிஷ் கிறீன், மறு ஆண்டே மேனாட்டு மருத்துவம் கற்பிக்கலானார். முதலில் பயிற்றுமொழி ஆங்கிலமே. ஆனால் ஆங்கிலத்தில் தேர்ந்தோர் அரசுப் பணியை நாடிச் சென்றனர். கிராமத்து நோயாளர்க்கு மருத்துவர் கிட்டவில்லை. எனவே 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார்.

சொல்லாக்கத்தில் அவர் வகுத்த நெறி எளியது. முதலில் தமிழில் தேடுதல். கிடைக்காவிடின் வடமொழியை நாடுதல். அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதுதல். 1872இல் வெளிவந்த உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனவும், 1875இல் வெளிவந்த வேதியியல் நூல் ‘கெமிஸ்தம்’ எனவும் பெயர் பெற்றன.

பின்னர் 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொல்லாக்கத்திற்கெனவே ஒரு சங்கம் கண்டனர். காலப்போக்கில் ‘கெமிஸ்தம்’ மறைந்து ‘வேதியியல்’ நிலைபெற்றது. சொல் மறைந்ததால் கிறீனின் பணி வீணாகிவிடவில்லை. அச்சொல்லைக் கொண்டே மாணவர் கற்றனர். கற்றவர் நோய் தீர்த்தனர்.

நம் ஆரணிப் பகுதி நெசவாளர், பாவு, ஊடை என்னும் சொற்களை அகராதியில் கற்றவரல்லர், தறியில் கற்றனர். கலைச்சொல்லும் அத்தகையதே. பட்டியலில் உறங்கும் வரை அது வெறும் எழுத்து. வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் புழங்கும் நாளிலேயே உயிர்பெறும்.