கருணையும் கணக்கும்

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ ஞாயிறுகளில் கேட்டிருக்கிறோம். அவருடைய இரக்கத்தைப் போற்றும் நாம், அவர் செய்தவற்றின் ஒழுங்கை அத்துணை கவனிப்பதில்லை. அவர் கண்டார், இரங்கினார், அருகில் சென்றார். காயங்களுக்கு எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார். அதன் பின்னரே தம் விலங்கின்மேல் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோனார். மறுநாள் புறப்படுமுன், இரண்டு தெனாரியங்களைக் கொடுத்து, சாவடிப் பொறுப்பாளரிடம் அம்மனிதனை ஒப்படைத்தார். முதலில் செய்யவேண்டியதை முதலில் செய்வதும், தாம் இல்லாதபோதும் பணி நடக்க வழிசெய்வதும் அந்த இரக்கத்தின் பகுதிகளாகவே இருந்தன. இவ்வுண்மையைச் செவிலியர் பணியின் வரலாறு பெரும் விலை கொடுத்தே கற்றுக்கொண்டது.

1854-ஆம் ஆண்டு. பிரிட்டன், பிரான்சு, துருக்கி ஆகிய நாடுகள் ஒருபுறமும் ரஷ்யா மறுபுறமுமாகக் கிரிமியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. காயமுற்ற பிரெஞ்சு வீரர்களைப் புனித வின்சென்ட் தே பவுலின் பிறரன்புக் கன்னியர் பேணினர். ஆங்கிலேய வீரர்களுக்கோ அத்தகைய பேணுதல் இல்லை. இச்செய்தி இலண்டன் நாளிதழில் வெளிவந்தபோது மக்கள் கொதித்தெழுந்தனர். அரசின் வேண்டுகோளை ஏற்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 38 பெண்களுடன் புறப்பட்டு, கான்ஸ்டான்டிநோபிளின் எதிர்க்கரையிலிருந்த ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையை நவம்பர் 4-ஆம் நாள் அடைந்தார்.

அந்த 38 பேரில் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவர்களுள் ஒரு பகுதியினர் இலண்டனின் பெர்மாண்ட்சி மடத்திலிருந்து வந்த இரக்கத்தின் சகோதரிகள். அவர்களின் தலைவி அன்னை மேரி கிளேர் மூர். இங்கிலாந்தில் கத்தோலிக்க மறைமாவட்டங்கள் மீண்டும் நிறுவப்பெற்று நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. கன்னியரைக் குறித்த ஐயம் மக்களிடையே மிகுந்திருந்தது. ஆயினும் அம்மையாருக்கும் அன்னைக்கும் இடையே மலர்ந்த நட்பு, 1874-இல் அன்னை இறைவனடி சேரும்வரை நீடித்தது. தலைமைப் பொறுப்புக்குத் தம்மினும் தகுதியுடையவர் அன்னையே என்று அம்மையார் அவருக்கே எழுதினார்.

அப்பெண்கள் ஆற்றிய தொண்டு சிறிதன்று. அழுக்கைக் களைந்தனர், உடை தந்தனர், உணவூட்டினர், இறப்போரின் அருகில் இருந்தனர். ஆயினும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றவை போர்ப்புண்கள் அல்ல. வாந்திபேதியும் சீதபேதியும் காய்ச்சலுமே.

மார்ச்சு மாதம் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு வந்தது. கட்டடத்தின் அடியில் அடைபட்டுக் கிடந்த சாக்கடைகளைக் கழுவச் செய்தது, கழிவுகளை அகற்றியது, சுவர்களுக்கு வெள்ளையடித்தது, காற்று வர வழி செய்தது. ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது.

பசியாலும் குளிராலும் நலிந்து, காலங்கடந்து வந்து சேர்ந்தமையாலேயே வீரர்கள் இறந்தனர் என்று அம்மையார் முதலில் எண்ணியிருந்தார். 1856-இல் தாயகம் திரும்பியபின், புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாருடன் அமர்ந்து இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். அவர் விளக்கேந்தி நடந்த அக்கட்டடத்தின் கேடே பல உயிர்களைக் குடித்தது என்பதை அக்கணக்குகள் காட்டின. நாடு முழுவதும் தம்மைப் போற்றிக்கொண்டிருந்த வேளையில் அவ்வுண்மையை ஏற்பது எளிதாயிருந்திருக்குமா? அவர் அதை மறைக்கவில்லை. மாதவாரியாக இறப்புகளை வண்ணப் படங்களாக வரைந்து, ஆட்சியாளர் முன் வைத்தார்.

1860-இல் வெளியான செவிலியம் பற்றிய அவருடைய நூல் இந்தப் படிப்பினையின்மீது எழுந்தது. நோயாளி உள்ளிழுக்கும் காற்று, அவருக்குக் குளிரெடுக்காதபடி, வெளிக்காற்றைப்போல் தூய்மையாயிருக்க வேண்டும் என்பதை அவர் முதல் விதியாக வைத்தார். 'நன்றாக உறங்கினாரா?' என்று கேட்பது போதாது, எத்தனை மணி நேரம், எந்நேரத்தில் உறங்கினார் என்று கேட்கவேண்டும் என்றார். தாம் அருகில் இருக்கையில் செய்வது, தாம் இல்லாதபோதும் நடைபெற ஏற்பாடு செய்தலே பொறுப்பு என்றார். சாவடிப் பொறுப்பாளரிடம் சமாரியர் செய்ததும் இதுவே அன்றோ!

இன்றைய செவிலியரும் இவ்வழியிலேயே பயிற்சி பெறுகின்றனர். ஒரே நேரத்தில் பலர் அழைக்கும்போது, உரக்கக் கூவுபவரிடம் முதலில் செல்வதில்லை. மூச்சுப்பாதை தடையின்றி உள்ளதா, மூச்சு சீராக உள்ளதா, குருதியோட்டம் நிலையாக உள்ளதா என்று முறையாகப் பார்க்கின்றனர். சில வேளைகளில் ஓசையின்றிக் கிடப்பவரே பேராபத்தில் இருப்பவர். மருந்தின் அளவில் ஐயம் எழுந்தால், கொடுக்குமுன் மருத்துவரிடம் மீண்டும் கேட்கின்றனர். முறை மாறும்போது நோயாளியின் நிலையைச் சொல்லி ஒப்படைத்துச் செல்கின்றனர்.

மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் நாம், நமக்கு முன்னே வேறொருவர் அழைக்கப்படும்போது சினம் கொள்கிறோம். திருப்பிக் கேள்வி கேட்கும் செவிலியரை அறியாதவர் என்று கருதுகிறோம். வீட்டில் முதியோரைப் பேணும்போதோ, அன்பு இருந்தால் போதும் என்று எண்ணி, மருந்து கொடுத்த நேரத்தைக்கூடக் குறித்துவைப்பதில்லை. ஸ்கூட்டாரியில் அன்புக்குக் குறைவில்லை. ஆயினும் வீரர்கள் இறந்தனர். நோயுற்றோரைப் பேணும் கைகளுக்காகச் செபிக்கும் நாம், அவர்களுடைய கண்கள் தெளிவாகக் காணவும், தவறு நேர்ந்தபோது அதை ஒப்புக்கொள்ளும் துணிவு அவர்களுக்கும் நமக்கும் வாய்க்கவும் சேர்த்தே மன்றாடுவோம்.