கொலாபா வளைகோட்டில் இரு மின்னோட்டங்கள்: 1859 செப்டம்பர் 2 பதிவு குறித்து ஒரு மறுவாசிப்பு

1859 செப்டம்பர் 2 முற்பகலில், ஒரு புவிக்காந்தப் புயலின்போது, பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் புவிக்காந்தப் புலத்தின் கிடைக் கூறு சுமார் 1600 நானோடெஸ்லா சரிந்தது. இந்தச் சரிவு முழுவதையும் வளைய மின்னோட்டத்தின் கணக்கில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. துணைப்புயல்கள் பூமியின் இரவுப்பக்கக் காந்த வாலிலிருந்து அடுத்தடுத்து உள்ளே தள்ளிய அயனிகள் பூமியைச் சுற்றித் திரண்டன, அவற்றின் வலிமையே கொலாபாவில் பதிவானது என்பது அந்த வாசிப்பு. அது சரிவின் ஆழத்தை எடைபோட்ட அளவுக்கு அதன் வேகத்தை எடைபோடவில்லை.

பதிவையே பார்ப்போம். கொலாபாவில் காந்தத்தின் நிலையைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதினார்கள். வழக்கமாக மணிக்கொரு அளவீடு. புலம் கலங்கினால் 15 நிமிடத்துக்கு ஒன்று, சில வேளை 5 நிமிடத்துக்கு ஒன்று. லண்டனை அடுத்த கியூவில் ஒளிப்பதிவுக் கருவி இருந்தும் வளைகோடு தாளைத் தாண்டிப்போனது. கொலாபாவின் எழுத்தர்கள் பிடித்துவைத்த எண்களோ இன்றும் கைவசம் இருக்கின்றன. அவர்களுக்கு இத்துறை பெரிதும் கடன்பட்டிருக்கிறது. அந்த எண்கள் சொல்வது இது: முதலில் சுமார் 120 நானோடெஸ்லா ஏற்றம், பிறகு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் அடிமட்டம். அங்கிருந்து புலம் மிக விரைவாக மேலேறிவிட்டது. மணிச் சராசரியாகப் பார்த்தால் ஆழம் ஏறத்தாழ பாதியாகிவிடுவது இதனால்தான்.

வளைய மின்னோட்டம் இப்படி நடந்துகொள்ளாது. புவிநிலைச் சுற்றுப்பாதைத் தொலைவில் 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான் மேற்கு நோக்கி நகர்ந்து பூமியை ஒருமுறை சுற்றிவர ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். வளையம் மூடிய பின், அயனிகள் மேல்வளி ஹைட்ரஜனிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்து மின்னூட்டம் இழப்பதால்தான் அது பெரும்பாலும் தேயும். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். பூமிக்கு நெருங்கிய வளையம் விரைவாகத் தேயும் என்பது உண்மையே. ஆனாலும் நிமிடக் கணக்கு வராது. அடர்ந்த சூரியக் காற்று அயனிகளைப் பகல் எல்லை வழியே அடித்துச் சென்றிருக்கலாம் என்பார் உண்டு. அப்படியானால் அது மூடிய வளையமே அன்று.

துணைப்புயலையே நேரடிக் காரணமாக்கவும் இயலாது. நீண்ட வால் புலம் திடீரெனச் சுருங்கும்போது, வாலின் குறுக்கு மின்னோட்டம் அயனிமண்டலத்துக்குத் திரும்பி ஆப்பு வடிவச் சுற்றாகிறது. அதன் நடுப்பகுதி நள்ளிரவை ஒட்டியது. தாழ் அட்சரேகைகளில் அது இரவில் கிடைக் கூற்றைக் கூட்டும், குறைக்காது. கொலாபாவில் அப்போது நண்பகல் நெருங்கிக்கொண்டிருந்தது. இடமும் பொருந்தவில்லை, குறியும் பொருந்தவில்லை.

எஞ்சுவது, காந்தப்புலக் கோடுகள் வழியே விடியல் பக்கம் இறங்கி அந்திப் பக்கம் ஏறும் புலவழி மின்னோட்டம். தாழ் அட்சரேகையின் பகல் பக்கத்தில் அது கிடைக் கூற்றைக் குறைக்கவல்லது; சூரியக் காற்றின் காந்தப்புலம் திரும்பினால் நிமிடங்களில் தளரவும் செய்யும். அப்போது இரவாயிருந்த கியூபா வரை துருவ ஒளி தெரிந்ததால், இம்மின்னோட்டம் வழக்கத்தைவிட வெகு தெற்கே இறங்கியிருந்தது என்று கொள்ளலாம். எனவே கொலாபா வளைகோட்டை, மெதுவாக வளரும் வளையத்தின் மேல் ஏறி அமர்ந்த குறுகிய பகல்பக்கக் கூர்முனை என்றே வாசிக்கிறேன். ஒற்றை நிலையத்திலிருந்து இரண்டின் பங்கையும் துல்லியமாகப் பிரிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அளவீட்டுப் பிழை என்ற வாதமும் வலுவானதன்று. தற்செயலான பிழை அடுத்தடுத்த அளவீடுகளில் ஒரே போக்கில் வர வாய்ப்பு குறைவு.

இதற்குச் சோதனை நம் பக்கத்திலேயே இருக்கிறது. விழுப்புரத்தை அடுத்த புதுச்சேரியிலும் காந்த நடுவரைக்கு அருகே திருநெல்வேலியிலும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் நிலையங்கள் உள்ளன. டிராம் மின்சாரத்துக்கு அஞ்சிக் கொலாபாவிலிருந்து 1904இல் இடம்பெயர்ந்த அலிபாக் மூன்றாவது. வளைய மின்னோட்டத்தின் சரிவு மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். புலவழி மின்னோட்டத்தோடு அயனிமண்டலத்துக்குள் ஊடுருவும் மின்புலத்தின் விளைவோ பகலில் திருநெல்வேலியில் பன்மடங்கு பெருகும். இந்தியப் பகலில் முதன்மைக் கட்டம் தொடங்கிய 2015 மார்ச் 17 புயல் போன்றவற்றை இம்மூன்றின் நிமிடப் பதிவுகளில் பிரித்தெடுத்து, கூர்முனையும் திருநெல்வேலிப் பெருக்கமும் ஒரே நிமிடங்களில் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதுவரை, 1600 என்ற உச்சத்தை 1989 மார்ச் புயலின் மணிக் குறியீடான −589 உடன் நேருக்கு நேர் நிறுத்தி மின்கட்டமைப்புகளுக்கு அபாய வரம்பு வகுப்பது முறையாகாது.