மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிந்தைய கை வீக்கம்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, அந்தப் பக்கக் கையில் நிணநீர் தேங்கி உண்டாகும் நாள்பட்ட வீக்கம் இது. அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றுவதாலும், அங்கே கதிர்வீச்சு கொடுப்பதாலும் நிணநீர் வடியும் வழி கெடுகிறது. 2013இல் ‘லான்செட் ஆன்காலஜி’ வெளியிட்ட தொகுப்பாய்வில், கணுக்களை மொத்தமாக எடுத்தவர்களில் சுமார் 20 விழுக்காட்டினருக்கும், நிணநீர் முதலில் வந்து சேரும் முதற்கணுவை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் சுமார் 6 விழுக்காட்டினருக்கும் வீக்கம் வந்திருந்தது.

பெரும்பாலும் நோயாளிதான் இதை முதலில் கண்டுகொள்வார். வளையல் ஏறாது, ரவிக்கையின் ஒரு கை மட்டும் பிடிக்கும், கை கனக்கும். அப்போது விரலால் அழுத்தினால் குழி விழும், உயர்த்தி வைத்தால் வற்றும். கவனிக்காமல் விட்டால் தோலடியில் நாரும் கொழுப்பும் படிந்து கை இறுகிவிடும். காய்கறி நறுக்கும்போது பட்ட கீறல்கூடச் செல்லுலைட்டிஸ் என்னும் தோல் தொற்றாகிக் காய்ச்சலில் தள்ளலாம். அது வந்து போகும்போதெல்லாம் வீக்கம் கூடும்.

அறுவைக்கு முன்பே இரு கைகளையும் நாடாவால் அளந்து எழுதி வைத்தால், பின்னர் 2 செ.மீ. கூடினாலும் தெரிந்துவிடும். சில நிமிட வேலைதான், ஆனால் நெரிசலான புறநோயாளர் பிரிவில் முதலில் விடுபடுவது இதுதான்.

தோல் பராமரிப்பு, இலேசாக நீவிவிடுதல், பல அடுக்குக் கட்டு, உடற்பயிற்சி ஆகியவை சேர்ந்ததே சிகிச்சை. பிறகு அழுத்த உறையைத் தொடர்ந்து அணிய வேண்டும். அழுத்தித் தேய்க்கும் மாலிஷ் கெடுதல். கனமே தூக்கக் கூடாது என்ற பழைய அறிவுரையும் இப்போது செல்லாது: படிப்படியான எடைப்பயிற்சி வீக்கத்தைக் கூட்டவில்லை என 2009இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

டெல்லியை எடுத்துக்கொண்டால், டெல்லி மாநிலப் புற்றுநோய் நிறுவனம் கிழக்கே தில்ஷாத் கார்டனில் உள்ளது. மேற்குக் கிளை ஜனக்புரியில். வீட்டருகே மருத்துவமனை இருப்பது இந்த நோய்க்குப் பெரிய விஷயம், கட்டுப்போடும் கட்டம் சில வாரங்கள் அன்றாடம் நீளும் என்பதால். டெல்லி கோடையில் அந்த உறையை மாட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பதும் எளிதல்ல. 2025 ஏப்ரலில் டெல்லி சேர்ந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. இதற்குத் தேவையானதோ பெரும்பாலும் புறநோயாளர் பிசியோதெரபி. இதேபோல் நிணநீர் தேங்கி வீங்கும் யானைக்கால் நோயாளிக்குத் தேசியத் திட்டத்தில் கால் கழுவிப் பராமரிக்கும் பொருட்கள் இலவசம். புற்றுநோய்ச் சிகிச்சையால் வீங்கிய கைக்கு அப்படித் தனித் திட்டம் இல்லை. அமெரிக்காவிலோ 2024 ஜனவரி 1 முதல் மெடிகேர் காப்பீடு அழுத்த உறைகளுக்குப் பணம் தருகிறது.