எட்டப்பன் என்னும் வசை

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில், கதையில் நடந்தது எது, விதிக்கு உட்பட்டது எது என இன்றைய இளைஞர் மணிக்கணக்கில் வழக்காடுகின்றனர். கரிசல் மண்ணுக்கு இவ்வழக்காடல் புதிதன்று.

கோவில்பட்டி வட்டாரத்தில் கட்டபொம்மன் வரலாறு கதைப்பாடலாக வாழ்ந்தது. 1959-இல் சிவாஜி கணேசன் நடித்த திரைப்படமாகத் தமிழகமெங்கும் பரவியது. அவன் மாவீரன் என ம.பொ.சிவஞானம் நிறுவினார், கொள்ளைக்காரன் எனத் தமிழ்வாணன் மறுத்தெழுதினார். திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் நாமும் கட்சி பிரிந்து வாதிட்டோம். ஆனால் எட்டப்பனைப் பற்றி மட்டும் நம்மிடையே வாதமே எழவில்லை. தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுவிட்டது.

எட்டயபுரத்தார் கும்பினிப் படைக்குத் துணை நின்றது மெய். பாஞ்சாலங்குறிச்சியோடு அவர்களுக்குப் பழைய எல்லைத் தகராறு இருந்ததும் மெய். ஆயினும், 1799-இல் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களே. அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் பானர்மன் அவனைத் தூக்கிலிட்டான்.

காட்டிக்கொடுத்த பழியோ எட்டயபுரத்தின்மேல் நிலைத்தது. எட்டப்பன் என்பது தனியொருவரின் பெயரன்று. அவ்வரச மரபினர் வழிவழியாகத் தாங்கிய பட்டம். ஒருவர் செய்கை மரபு முழுவதற்கும் வசையாயிற்று. உமறுப்புலவரைப் போற்றிய ஊர், 1882-இல் பாரதியை ஈன்ற ஊர், அந்த வசையையும் சுமக்கிறது.

ஆட்டம் முடிந்தால் வேடம் கலையும். நாம் ஒருவர்மேல் ஏற்றிய வேடமோ அவருடைய பேரப்பிள்ளைகளையும் விடுவதில்லை. அச்சொல்லால் பிறரை ஏசுமுன், வழக்கை முழுமையாகக் கேட்டோமா என நம்மையே வினவிக்கொள்வோம்.